ரப்பர் குழாய் எண்ணிய நானூறு

எதைச் சொன்னாலும் அப்படியே நம்பமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர்.

புதன்கிழமை காலை, தம்பி குட்டியின் கையைப் பிடித்தபடி பள்ளி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள்.

'மேம்பால ரயில் ஓடத் தொடங்கிய பின், காலை எட்டு முதல் ஒன்பது வரை இங்கே செல்லும் வண்டிகள் ஆயிரத்திலிருந்து நானூறாகக் குறைந்துள்ளன. புகையும் அதே அளவு குறைந்துள்ளது. எண்ணிக்கை ஐநூறுக்குக் கீழே வந்துவிட்டதால், திங்கள் முதல் சாலை கடக்க உதவும் பணியாளர் தேவையில்லை.'

பணியாளர் என்றால், 'நில்' பலகை பிடிக்கும் அத்தை. அவர் இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்புக் குட்டி சாலையில் காலே வைக்கமாட்டான்.

"வண்டி குறைஞ்சிருக்கா அத்தை?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பாதிக்கு மேலேன்னா என் கை வலி ஒத்துக்காது."

"அப்ப யாரோ புளுகியிருக்காங்க."

சாலையின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் கிடந்தது. அதன் நுனியில், நடைபாதையில், ஓர் இரும்புப் பெட்டி. கோப்பும் கையுமாக ஒருவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துருவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானூறுன்னு எழுதினது நீங்களா?"

"எழுதினது நான், எண்ணினது குழாய். சக்கரம் ஏறினா உள்ள இருக்கிற காத்து பெட்டியைத் தட்டும். விளக்கு மின்னும். முன்சக்கரம், பின்சக்கரம்னு ரெண்டு தட்டுக்கு ஒரு வண்டி கூடும். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"உங்களுக்கு?"

கணக்கெடுப்பவர் சிரிப்பை அடக்க இருமினார்.

மறுநாள் எட்டு மணிக்கே துருவியும் குட்டியும் பள்ளிப் படியில் உட்கார்ந்தார்கள். வண்டிக்கு ஒரு கோடு.

"அக்கா, மாடி பஸ்ஸை ரெண்டா எண்ணணுமா?"

"ஒண்ணுதான். பேசாம இரு."

எட்டரைக்கு ஒரு ரொட்டி வேன் வந்தது. ரயில் நிலையத்தின் கீழே புதிதாகத் திறந்த கடைக்குத் தட்டுகளை இறக்க ஓரமாக நின்றது. அதன் பிறகு எத்தனை வண்டி போயும் பெட்டியின் விளக்கு மின்னவில்லை. துருவிக்கு மூக்கில் வேர்த்தது. எட்டிப் பார்த்தாள். வேனின் பின்சக்கரம் குழாயை மிதித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. விளக்கு மறுபடியும் மின்னியது.

கணக்கெடுப்பவர் வந்தார். "பெட்டியில நானூத்தி அஞ்சு."

"என்கிட்ட எண்ணூத்தி மூணு."

"ஒரே வண்டியை ரெண்டு தடவை எண்ணியிருப்ப." இப்போது சந்தேகம் அவர் பக்கம்.

"நாளைக்கு நீங்களே வந்து உக்காருங்க."

வெள்ளிக்கிழமை அவரும் படியில் உட்கார்ந்தார். எட்டரைக்கு வேன் வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"காத்து போற வழியையே அடைச்சிடுது. முன்னாடி எண்ணினப்ப இந்தக் கடையே கிடையாது."

"அப்ப ரயில் வந்து ஒண்ணும் குறையலையா?"

"குறைஞ்சிருக்கும்மா. ஆயிரம் எண்ணூறாயிருக்கு. இருநூறு வண்டியோட புகை இல்லாம போயிருக்கு, அது நிஜம். மீதியை நாங்க ஆசைப்பட்டு நம்பிட்டோம்."

அவரே எழுந்துபோய் அறிவிப்பைக் கிழித்தார்.

திங்கள்கிழமை புதிய அறிவிப்பில் எண்ணூறு என்று இருந்தது. அத்தை பலகையைத் தூக்க, வண்டிகள் வரிசையாக நின்றன. குட்டி ராஜா போல நடந்தான். பின்னால் போன துருவி, எதற்கும் இருக்கட்டும் என்று, நின்ற வண்டிகளை ஒருமுறை எண்ணிக்கொண்டாள்.