பேட்டரித் தண்ணீர்

கரண்ட் இழுக்கும் சாமான் ஓடினால் பேட்டரி மீட்டரின் முள் இறங்க வேண்டும். அதுதான் முள்ளுக்கு மரியாதை. கட்டிலின் தலைமாட்டில் பதித்திருந்த அந்தச் சின்ன மீட்டரிலோ, ஆக்ஸிஜன் மெஷின் புஸ்ஸு புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, முள் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முள்ளுக்கு வெட்கமே இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர் ஓய்வு பெற்றால் காலை நீட்டிப் படுப்பார் என்றுதான் சொந்தபந்தம் எல்லாம் நம்பியிருந்தது. அவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கூரையில் சோலார் பலகை என்று ஒரு வீட்டையே திணித்து, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டிலும் டீச்சர்தான். நுரையீரல் கெட்டுப்போய், மூக்குக் குழாயால் அந்த மெஷினோடு கட்டிப்போடப்பட்டவள். "சுவத்தப் பாத்துட்டே சாகறதுக்கு ஏரியப் பாத்துட்டே சாகலாம், வண்டிய எடுங்க" என்று சொன்னதும் அவள்தான்.

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த அன்றே பின்னால் மலை சரிந்து சாலையை மூடியது. போனில் சிக்னல் இல்லை. அடுத்து மூடுபனி இறங்கியது. காலையா மாலையா என்று சொல்ல முடியாத ஒரே சாம்பல். சோலார் பலகை சும்மா கூரைக்குத் தொப்பியாக இருந்தது. வண்டியை நிறுத்தி வைத்தே இன்ஜினை ஓட்டி ஓட்டி பேட்டரியை ஏற்றியதில் டீசலும் தீர்ந்தது. இனி டீச்சரின் உயிர், கட்டிலுக்கடியில் மரப்பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு பேட்டரிகளில்தான். சாலை திறக்கும்வரை அவை தாங்க வேண்டும்.

நேற்று அவற்றின் மூடிகளைத் திருகித் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. தகடு காய்ந்தால் பேட்டரி செத்தது. ஊற்றுவதற்குக் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் இல்லை; கேனில் இருந்த கடைசிச் சொட்டும் மெஷினில் காற்றை ஈரமாக்கும் குப்பிக்குப் போயிருந்தது. ஏரித் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பே தகட்டைத் தின்றுவிடும்; காய்ச்சி வடிக்கலாமென்றால் அடுப்பில் கேஸும் தீர்ந்திருந்தது. என்ன செய்வதென்று நிமிர்ந்தவர், டீச்சருக்கு நேர் மேலே இருந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். அவள் விட்ட மூச்செல்லாம் அதில் குளிர்ந்து சரம் சரமாக வடிந்துகொண்டிருந்தது. ஆவியாகி வடிந்த தண்ணீர். உப்பில்லை, ஒன்றுமில்லை. பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கிண்ணத்தில் பிழிந்தார்.

"என்ன பண்றீங்க?"

"உன் மூச்சப் பிழியறேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அதத்தானே பண்றீங்க. இப்பதான் பாத்திரம் வெச்சுப் பண்றீங்க." டீச்சரின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தகடு மூழ்கும்வரை குழிக்குக் குழி பார்த்து ஊற்றினார். இன்று முள் ஏறுகிறது.

மண்டியிட்டு மரப்பெட்டியைத் திறந்தார். மூக்கைச் சுள்ளென்று அறுக்கும் ஆசிட் நெடி வரவில்லை. தைலம் மணத்தது. டீச்சர் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம், அதனடியில் அவளுடைய தலையணையின் சூடான, பழகிய வாசனை. மூடிகளைத் திறந்தார். எல்லாக் குழிகளிலும் தண்ணீர் மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மேலே கட்டிலில் டீச்சரின் நெஞ்சும் அதே நேரத்தில் ஏறியது, இறங்கியது. அவள் இருமினாள். எல்லாக் குழியும் ஒன்றாகத் தெறித்தது.

"டீச்சர்... எப்படிம்மா இருக்கு?"

"லேசா இருக்குங்க. எனக்குப் பதிலா வேற யாரோ மூச்சு விடற மாதிரி."

பேட்டரியைக் கழற்றிவிட ஸ்பேனரை எடுத்து இணைப்பு நட்டில் வைத்தார். அரைத் திருகு தளர்த்தினார். மேலே அவள் தொண்டை ஹக்கென்று அடைத்தது. கால் கட்டிலை உதைத்தது. பதறிப்போய் மறுபடி இறுக்கினார். மூச்சு திரும்பியது. மேலேயா கீழேயா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

சாலை திறக்கும்வரை. அவ்வளவுதான்.

"தண்ணி குறையுது, டிரைவரே."

அவளுக்குக் குறும்பு வந்தால் மட்டும் கூப்பிடும் பெயர். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் உதடு மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. மூக்குக் குழாய் வீணாகச் சீறிக்கொண்டிருந்தது. மேலே கண்ணாடி பளிச்சென்று காய்ந்திருந்தது.

"குறையுதுங்க."

கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

தொட்டுப் பார்த்தார். கை குளிர்ந்திருந்தது. உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். பெட்டிக்குள் தண்ணீர் மட்டும் ஏறி, இறங்கி, ஏறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்து, தகட்டின் கறுத்த விளிம்பு தெரியத் தொடங்கியது. தகடு காய்ந்தால் செத்தது.

பஞ்சை எடுத்தார். எதிர் ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியில் வாயை வைத்து, ஹா, என்று ஊதினார். படிந்தது. ஒற்றினார். பிழிந்தார். ஊற்றினார்.

"இன்னும் கொஞ்சம்."

ஊதினார். பிழிந்தார்.

"இன்னும்."

ஊதினார். நெஞ்சு வலித்தது. அப்புறம் வலிக்கவில்லை. லேசாக இருந்தது. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. விளக்கு எல்லாம் வெள்ளையாக எரிந்தது. ஊதினார்.

வெளியே ஹாரன். பூட்ஸ் சத்தம். கண்ணாடியில் தட்டினார்கள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா? ரோடு திறந்தாச்சு!"

பதில் சொல்ல டிரைவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊதிப் பார்த்தார். மறுபடி ஊதினார். ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தான். அவன் மூச்சு வெளிப்பக்கம் வட்டமாகப் படிந்தது. உள்பக்கம், டிரைவரின் வாய்க்கு நேராக, ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

கட்டிலுக்கடியில் மூடிகள் மெல்லக் கலகலத்தன.

"இருக்கோம்" என்றன, இரண்டு குரல்கள்.