தேய்மானி

ஜெபசீலி வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளைத் தடவிய தேய்மானி, பதினொன்று என்றது. அளவர் பொன்னுரங்கம் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். கதவு, நான்கு. படி, ஒன்பது. கருவி சொல்வதை அளவர் தன் கையால்தான் எழுத வேண்டும் என்பது துறையின் விதி.

தெருவில் ஏதாவது ஒரு பொருள் அறுபது தொட்டால் போதும். அது மரபுத் தெரு. யாரும் இடிக்க முடியாது. தொடாவிட்டால் ஆறு வீடுகளும் தரைமட்டம். ஆறு வீட்டாருக்கும் ஆறு வெவ்வேறு கோபுரங்களில், கணினி குலுக்கிப் போடும் தளத்தில் குடியிருப்பு.

ஒரு பொருள் மனிதப் புழக்கத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தேய்மானி நூற்றுக்கு மதிப்பெண் போடும். முன்பெல்லாம் கட்டடத்தின் மதிப்பிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பார்கள். இந்தக் கருவி வந்தபின் கூட்டினார்கள். தரகர்கள் ‘கைபட்ட கதவு’ என்று விளம்பரம் செய்தார்கள். சில ஊர்களில் ஆள் வைத்து நிலைப்படியைத் தேய்த்தார்கள். கருவி ஏமாறவில்லை. அவசரமாகத் தேய்த்தது வேறு, வாழ்ந்து தேய்ந்தது வேறு.

இந்தப் புறநகர்த் தெருவில் எதையும் தேய விட்டதில்லை. தீபாவளிக்கு ஒரு கதவு, கல்யாணத்துக்கு ஒரு தரை என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மொசைக் போய் டைல்ஸ் வந்தது, டைல்ஸ் போய் கிரானைட் வந்தது. முதல் ஐந்து வீடுகளில் எதுவும் இருபதைத் தாண்டவில்லை. ஜெபசீலியின் வீடு ஆறாவது, கடைசி.

பொன்னுரங்கம் பதிவேட்டை மூடினார். “மன்னிக்கணும் மேடம்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவள் ஊன்றுகோலை எடுத்தாள். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது. அப்போது பக்கத்து மதிலுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது.

“டீச்சர், வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

‘வந்துடுச்சாம்’ என்று அதே குரல் வேறு பக்கம் திரும்பிச் சொன்னது. அதற்கடுத்த வீட்டில் இன்னொரு குரல். பிறகு இன்னொன்று, மெலிதாக.

பொன்னுரங்கம் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார். மதிலில் இடுப்பு உயரத்தில் கை நுழையும் அளவு ஓட்டை. அதன் வழியாக ஒரு பச்சை டியூப் வந்து குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டையின் விளிம்பு கண்ணாடி போல் வழுவழுத்திருந்தது. கருவியை வைத்தார்.

தொண்ணூற்று நான்கு.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தெருவின் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. மாநகராட்சிக் குழாயில் வந்தது குளிக்க மட்டும் ஆகும். முதல் வீட்டு ஷேக் மைதீனின் கிணறு மட்டும் இனித்தது. அவர் யாரையும் கேட்காமல் கடப்பாரை எடுத்துத் தன் மதிலில் ஓட்டை போட்டார். ஐந்து மதில்களிலும் ஐந்து ஓட்டைகள் வந்தன. தினமும் காலையில் டியூப் போகும். கடைசி வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர். டியூபைப் பின்னால் இழுத்துக்கொண்டே வருவது சுலபம் என்பது அவர் சொன்ன காரணம்.

எல்லாம் மாறிய தெருவில் மதில்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

தெரு பிழைத்தது. ஜெபசீலி அச்சு முறுக்கு சுட்டு அலுவலகத்துக்கே கொண்டுபோனாள். பரிசு வாங்கக்கூடாது என்று பொன்னுரங்கம் மறுத்தார். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் அவரே இரண்டு பணியாளர்களுடன் வந்தார். கையில் கண்ணாடி மூடிகள்.

“எதுக்கு சார் இது?” என்றாள்.

“பாதுகாக்கப்பட்ட தேய்வு மேடம். இனிமே தேயக் கூடாது.”

“டியூப்?”

“டியூபும் தேய்க்கும்.”

முதல் வீட்டிலிருந்து ஷேக் மைதீன் வந்து மூடிகளைப் பார்த்தார். “ஓட்டையக் காப்பாத்திட்டீங்க. தண்ணி?”

பொன்னுரங்கம் முதல் மூடியைப் பணியாளரிடம் நீட்டினார். விதியை எழுதியவர் அவரல்ல.

மதிலுக்கு மேலே டியூப் போடவும் அனுமதி இல்லை. மதிலும் மரபில் அடக்கம். தெருவோரம் போட்டார்கள். முதல் நாளே சரக்கு வண்டி ஏறி நசுக்கியது. மற்றவர்கள் முதல் வீட்டுக்கு நடந்துபோய்க் குடத்தில் எடுத்து வந்தார்கள். ஜெபசீலியால் முடியாது. கோபுரத்துக்கே போய்விடுவதாக மனு எழுதி மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் காலையில் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஷேக் மைதீன் தோளில் குடத்துடன் நின்றார். அடுத்த நாள் இரண்டாம் வீட்டுத் திருமலை. அதற்கடுத்த நாள் மூன்றாம் வீடு. முறை போட்டுக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. யாரும் தவறவும் இல்லை.

அவள் மனுவைக் கிழித்தாள். ஒருநாள் ஷேக் மைதீனிடம், எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றாள்.

“தண்ணிக்கு எதுக்கு டீச்சர் நன்றி? அது கீழேர்ந்து வருது. நான் வெறும் ரோட்டுலதான் வரேன்.”

ஐந்தாண்டு கழித்து மறு அளவை. பொன்னுரங்கத்துக்கு மீசை நரைத்திருந்தது. ஓட்டைகள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தன. தொண்ணூற்று நான்கு, மாறவில்லை. பக்கத்தில் பித்தளைப் பலகை. ஒரு ஓட்டைக்குள் சிலந்தி வலை.

கடைசி வீட்டுக் கேட்டில் பழக்கத்தால் கருவியை வைத்தார்.

ஐம்பத்தெட்டு.

மீண்டும் வைத்தார். ஐம்பத்தெட்டுதான். வெளியிலிருந்து திறந்த கைகள் என்றது கருவி. ஐந்து பேர். தினமும் காலையில்.

இன்னும் இரண்டு. அறுபது வந்தால் தாழ்ப்பாளுக்குக் கண்ணாடி போடுவார்கள். அந்தக் கேட்டை அதன்பின் யாரும் திறக்க முடியாது.

“சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க.” திருமலை குடத்துடன் வந்து தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனார். கேட் தானாகச் சாய்ந்து மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து ஜெபசீலியின் குரல். “வந்துடுச்சா?”

“வந்துடுச்சு டீச்சர்.”

பொன்னுரங்கம் கருவியை அணைத்தார். பதிவேட்டில் பழையபடி பதினொன்று என்றே எழுதினார். தாகமாக இருந்தது. தாழ்ப்பாளில் கை படாமல், முழங்கையால் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.