உறை எண்ணெய்

“உறை வெச்சு ஊத்தட்டுங்களாக்கா, இல்ல முச்சூடும் புதுசே ஊத்திரட்டுங்களா?” என்று கோகிலவாணியின் காருக்கு அடியிலிருந்து எழுந்தபடி கேட்டான் மெக்கானிக் இன்பராசு.

பொள்ளாச்சியில் அவனுடைய பட்டறைக்கு வரும் கார்களில் எல்லாம் எஞ்சின் எண்ணெயாகப் பழகுநெய்தான். அதில் மிதக்கும் நுண்மணிகள் ஓட்டுபவரின் காலைப் பழகிக்கொள்ளும். எந்த ஏற்றத்தில் அழுத்துவார், எந்த வளைவில் தயங்குவார் என்று மனப்பாடம் செய்து, அதற்கேற்ப எண்ணெயை முன்கூட்டியே இளக்கும், இறுக்கும். அதனால் எஞ்சின் நாற்பது வருடம் தேயாமல் ஓடும். எட்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மட்டும் மாற்ற வேண்டும். பழையதில் ஒரு தம்ளர் எடுத்துப் புதியதில் விட்டால், பாலில் மோர் விட்ட மாதிரி, பழைய பழக்கம் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

“உறை வெச்சா அண்ணன் காலுதான் இருக்கும். அது உங்க காலுக்கு ஒத்துப்போகல. அதான் எஞ்சின் தட்டுது. முச்சூடும் வடிச்சுட்டு, கெட்டி ரகமா ஊத்திரலாமுங்க.”

அவள் கணவர் தெய்வசிகாமணி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டாள். காரை மட்டும் விடவில்லை. உடுமலையிலிருந்து திரும்பும்போது, கோமங்கலம் தாண்டி ஒரு வளைவில் அது தானாக மெதுவாகும். இடது ஜன்னலில் ஆனைமலை முழுசாகத் தெரியும் இடம் அது. அவர் இருந்தவரை அங்கே வேகத்தைக் குறைக்காமல் போனதே இல்லை. தனக்கு மலையைக் காட்டத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“உறையே வெச்சிருங்க. எஞ்சின் தட்டுனாத் தட்டட்டும். கோமங்கலத்து வளைவுல அது தானா மெதுவாகோணும்.”

உறை கெட்டிருக்கிறதா என்று பார்க்க, இன்பராசு ஒரு சொட்டை, எண்ணெயில் பதிந்த பழக்கங்களைக் காட்டும் கால்மானியின் தட்டில் விட்டான். மர வளையம்போல வட்டங்கள் விரிந்தன. நடுவில் இருந்த அடி வளையம்தான் ஆகப் பழையது; அதைக் குனிந்து பார்த்தான்.

“வண்டி வாங்கறப்பவே பழசுங்களா?”

“ஆமாங்க. கல்யாணமான மறு வருசம் வாங்குனது.”

“அந்தக் கோமங்கலத்து வளைவு அடி வளையத்துலயே இருக்குதுங்கக்கா. அண்ணன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாரோ வெச்ச பழக்கம். அண்ணன் முதல்ல எதுத்து மிதிச்சிருக்காரு. வண்டி வுடல. அப்புறம் அவரே பழகிட்டாரு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். புதுப் பெண்ணாக அவருடைய பைக்கில் கண்ணை இறுக மூடிக்கொண்டு போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அத்தனை அவசரம் அந்த மனிதருக்கு. பிறகு எப்போதோ நிதானம் வந்தது; சோற்றுக்குக் காத்திருந்தார், பேச்சுக்குக் காது கொடுத்தார். கல்யாணம் அவரைப் பதமாக்கிவிட்டது என்று சொந்தபந்தத்திடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். பதமாக்கியது முகம் தெரியாத ஒருவரின் பழைய எண்ணெயா?

“அது யாருங்க? எதுக்குங்க அங்க மெதுவாப் போனாங்க?”

“அதெல்லாம் எண்ணெய்ல இருக்காதுங்க. காலு மட்டுந்தான்.” மேல் வளையத்தைத் தொட்டுக் காட்டினான். “இது உங்களுது. நீங்க அந்த எடத்துல வண்டிய நிறுத்தியே போடறீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“சிரிக்காதீங்கக்கா. நாளைக்கு இந்த வண்டிய வாங்கறவங்க, ஒண்ணுமில்லாத எடத்துல வண்டி நிக்குதுன்னு எங்கிட்டத்தான் வந்து சண்டை போடுவாங்க. என்னன்னு சொல்லட்டும்?”

உறைக்காக எடுத்து வைத்திருந்த தம்ளரை அவள் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“யாரோ வெச்ச பழக்கமுன்னு சொல்லுங்க.”