நொடிக்கு ஏழு படம்

திரையின் இடது மூலையில் ஏழு என்ற எண் அசையாமல் நின்றது. நல்ல கம்ப்யூட்டராக இருந்தால் நொடிக்கு அறுபது படம் காட்டி விளையாட்டை வழுக்கிக்கொண்டு ஓட்டும். இந்தக் கிழட்டுப் பெட்டி ஏழு படத்துக்கே மூச்சு வாங்கியது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் விளையாட்டில் வந்த நீண்ட தார்ச்சாலையின் கோடியில், கொட்டும் மழைக்குள், ஒரு கறுப்புப் புள்ளி விட்டு விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. டாக்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

டாக்டர் என்றால் கம்ப்யூட்டர் டாக்டர். கடைவீதி வைத்த பெயர். செத்த பெட்டியும் அவர் கை பட்டால் எழுந்து உட்காரும் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. மனிதர்களின் முகம் அவர் நினைவில் ஒரு வாரம்கூடத் தங்காது. பெட்டியைத் திறந்து காட்டினால் மட்டும் அதன் முழு வரலாற்றையும் ஒப்பிப்பார். கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: செருப்பு வாசலோடு சரி, தூசி உள்ளே வரக்கூடாது. வருகிறவர்களும் அவரும் எப்போதும் வெறுங்கால்தான்.

மதியம் இந்தப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தூக்கி வந்த பெண்ணும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள். முப்பது வயது இருக்கும். குடையை மடக்கி மேசை ஓரமாகச் சாய்த்துவிட்டு, வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கேம் ரொம்ப ஸ்லோ சார். அந்த ரோடு வந்தாலே சிக்கிச் சிக்கி நிக்குது."

"யாரு விளையாடுறது?"

"என் தம்பி. நாலு வருஷமா அதே ரோட்டுலயே நிக்கிறான், பாவம். நேரம் நகரவே மாட்டேங்குது அவனுக்கு."

"விட்டுட்டுப் போங்கம்மா, நாளைக்குத் தர்றேன்."

"பரவாயில்ல சார். இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

விளையாட்டுக் கிறுக்கு குடும்பத்தோடு வரும் போலிருக்கிறது என்று அவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். அப்போது சிரிக்க முடிந்தது.

முதலில் பின்னணியில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை. சூடு ஏறுகிறதா என்று பார்த்தார். பெட்டி குளத்துத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்தது. வைரஸ் இல்லை, டிஸ்கில் பழுது இல்லை. நோயே இல்லாமல் படுத்திருக்கும் நோயாளியை வைத்துக்கொண்டு எந்த வைத்தியர்தான் என்ன செய்வார்? பழைய டிரைவர் மென்பொருளை நீக்கிப் புதியதை ஏற்றினார். நிழல்களை அணைத்தார், மழையின் அடர்த்தியைக் குறைத்தார். எண் பதினைந்துக்கு ஏறியது. புள்ளிக்குக் கை கால் முளைத்தது.

ஸ்பீக்கரிலும் மழை, கூரையிலும் மழை. எது எங்கே பெய்கிறது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாகக் கலந்து கடையை நிறைத்திருக்க, அதற்கு அடியில், இடைவெளி விட்டு, ஈரத் தரையில் வெறுங்கால் பதிந்து எழுகிற சத்தம் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டது. அவர் ஸ்பீக்கரின் வயரை உருவினார். மழை பாதியாகக் குறைந்தது. காலடி குறையவில்லை.

'காது அடைச்சிருக்கு' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பினார்.

நான்கு திருகுகள். நான்கின் தலையிலும் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு.

அது அவருடைய பொட்டு. திறந்து மூடிய பெட்டியிலெல்லாம் திருகின் மேல் பாலிஷைத் தொட்டு வைப்பது அவர் வழக்கம். வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்துவிடும், அப்புறம் எவனும் வந்து பழியை அவர் தலையில் கட்ட முடியாது. இந்த நான்கும் உடையாமல் இருந்தன. அவர் வைத்தபடியே.

திருகுகளைக் கழற்றினார். பலகையைத் தூக்கியதும் கம்பளிபோல் படிந்த தூசியோடு ஒரு வாடை முகத்தில் மோதியது. கருகிய முடியின் வாடை. உள்ளே, பவர் சப்ளையின் ஓரத்தில், பச்சை எர்த் வயர் நறுக்கப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பெட்டியின் வரலாறு முழுவதும் அவருக்கு ஒரே நொடியில் ஞாபகம் வந்தது.

பெட்டியை ஆன் செய்தாலே வீட்டு மின்சாரம் மொத்தமும் அணைந்துவிடுகிறது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அப்பா கூப்பிட்டிருந்தார். பவர் சப்ளையிலிருந்து கரண்ட் கசிந்தது. எர்த் வயர் அதைத் தரைக்கு இழுத்ததால் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தது. வயர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பவர் சப்ளையை மாற்றியிருக்க வேண்டும். அன்று கையில் இல்லை, அவசரம் வேறு. கத்தரியை எடுத்துப் பச்சை வயரை நறுக்கினார், சுவிட்ச் விழுவது நின்றது. "டாக்டர் கை பட்டா போதும்" என்று அந்த வீட்டுப் பையன் சிரித்தான். கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் தகரப் பெட்டியிலேயே தங்கியது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பையன் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று பெட்டியில் கை வைத்தான்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் டாக்டர் வாய் கூசாமல் சொன்னார்: நான் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, பையனே திறந்து நோண்டியிருக்கிறான், போதாததற்குத் தரை ஈரம். நம்பினார்கள். அவரும் நாளடைவில் அதை நம்பிவிட்டார்.

திரும்பிப் பார்த்தார். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை வயரை மறுபடி இணைக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் வேறு வேலை செய்தார். வெட்டுத் தெரியாமல் வயரை அடியோடு நறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். பஞ்சில் தின்னரைத் தொட்டு நான்கு பொட்டையும் துடைத்தார். பிறகு, வந்தது கேம் பார்க்கத்தானே என்று, தூசியை ஊதி, பிராசஸருக்குப் புதுப் பசை தடவி, கூடுதலாக ஒரு ரேம் சொருகி மூடினார். பிளக்கை மாட்டி ஆன் செய்து டெஸ்டரைத் தகரத்தில் வைத்தார். விளக்கு எரியவில்லை. பெட்டியில் கரண்ட் இல்லை. அப்பாடா என்று டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார்.

விளையாட்டு தானாகவே திறந்தது. முப்பத்தொன்று.

சாலையில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தான். இருபது வயசுப் பையன். வெறுங்கால். வலது கையை முன்னால் நீட்டி, எதன்மேலோ உள்ளங்கையை வைத்ததுபோலவே நடந்து வந்தான். நீட்டிய கை முழங்கை வரை கறுத்திருந்தது.

"தரை ஈரமா இருந்துச்சுன்னு சொன்னாங்க," என்றாள் அவள், வாசலைப் பார்த்தபடியே. "அன்னிக்குத் தரையைத் துடைச்சது நான்தான். நாலு வருஷமா, நான்தான் அவனைக் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டே சாப்பிடுறேன், தூங்குறேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து டப்பாவில் போட்டார்.

"உள்ள எல்லாத்தையும் பாத்துட்டீங்களா? எதையாவது சரி பண்ணாம விட்டுட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர்."

அவள் டாக்டர் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை போதும் என்று அவருக்குத் தெரிந்தது. நான்தான் வெட்டினேன் என்று சொன்னால் போதும். சொன்னால் கடை போகும், பெயர் போகும், யாரும் டாக்டர் என்று கூப்பிட மாட்டார்கள்.

"அதான் அப்பவே சொன்னேனேம்மா. உங்க தம்பிதான் திறந்து நோண்டியிருக்கான்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். அழவில்லை. "இன்னிக்குக் காலையில வரைக்கும் சிவப்புப் பொட்டு நாலும் உடையாம இருந்துச்சே. திறக்காத பெட்டிக்குள்ள எப்படிக் கை வைப்பான்?"

"எந்தப் பொட்டு? இங்க பொட்டே இல்லையே!"

எண் அறுபதைத் தொட்டது.

பையன் ஓடி வந்தான். இப்போது சிக்கல் இல்லை, இழுவை இல்லை. டாக்டர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். அது அவர் காலடியில் வந்து விழுந்தது. திரை அணையவில்லை. அறுபது. காலடிச் சத்தம். சாலை முடிந்தது. ஒரு வாசல். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று அவளுடையது. ஒன்று அவருடையது.

வேகம் கூட்டிய ரேமை உருவிவிட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. பெட்டியைப் பிடித்தார்.

கை ஒட்டிக்கொண்டது.

பல் கிட்டித்தது. கத்த நினைத்தார், தொண்டை திறக்கவில்லை. கால் விரல்களுக்கு அடியில் ஈரம். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் மேசையைச் சுற்றிக் குளமாகத் தேங்கியிருந்தது. சட்டைப் பையில் டெஸ்டரின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரையில், மேசைக்கு அந்தப் பக்கம், பையன் அதே பெட்டியின் மேல் தன் கறுத்த கையை வைத்திருந்தான். பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, விரல் விரலாக, அதை எடுத்தான்.

"வாடா," என்றாள் அக்கா. "போகலாம்."

அவள் குடையை எடுத்தாள். எண் இறங்கியது. முப்பத்தொன்று. பதினைந்து. வலி குறையவில்லை, நீண்டது. ஏழு. மழைச் சத்தம் துண்டு துண்டாக உடைந்தது. அவள் ஓர் அடி வைத்தாள், நின்றாள், இன்னோர் அடி வைத்தாள். அவள் பக்கத்தில் இரண்டு ஈரப் பாதங்கள் தரையில் பதிந்தன. மூன்று. ஒன்று.

குடையின் முனையிலிருந்து ஒரு சொட்டு பிரிந்தது. தரைக்கு ஒரு முழம் மேலே, விளக்கு வெளிச்சத்தில், அது அப்படியே நின்றது. டாக்டர் கை ஒட்டியபடி, கண் மூட முடியாமல், அது விழுவதற்காகக் காத்திருந்தார்.

மூலையில் எண் பூஜ்யத்துக்கு வந்தது.