இருளாயி வளர்த்த செவலை

சேவுகன் ஆலங்குடி மாட்டாஸ்பத்திரிக்கு வந்தபோது மாட்டை ஓட்டி வரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஐயா, மருந்துக்கு வரலைங்க. எங்க மாடுகளுக்கு வெஷம் வச்சிருக்காக. நாளைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். வெஷந்தான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க, போதும்."

டாக்டர் ஆவுடையப்பன் ஊசியைக் கழுவிவிட்டுத்தான் நிமிர்ந்தார். எதற்கும் அவசரப்படாதவர் என்று சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர்.

"யார் வச்சது?"

"மாடு மேய்க்கிற இருளாயி. கூலி கூட்டிக் கேட்டா, என் வீட்டுக்காரி திட்டிப்புட்டா. அந்தக் கோவந்தான். இனி எந்த வீட்டு மாட்டையும் அவ தொடக்கூடாது, ஊரைவிட்டே போயிறணும்னு பேசிக்கிறாக."

"மாடு என்ன செய்யுது?"

"தீனி நல்லாத் திங்குதுங்க. காய்ச்சல் கெடையாது. ஆனா தண்ணியாக் கழியுது. எலும்பும் தோலுமாப் போயி, தாடைக்குக் கீழ வீங்கிச் சாகுது. போன வருஷம் ஒண்ணு, இந்தப் பங்குனியில ஒண்ணு. இப்ப இன்னும் ரெண்டு கழியுது."

கம்பவுண்டர் சூசைராஜுக்குக் கண்கள் பளிச்சிட்டன. துப்புத் துலக்குவதென்றால் அவர் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். "பாஷாணம் சார்," என்றார்.

"பாஷாணம் தின்ன மாடு மாசக்கணக்கா நின்னு தீனி தின்னுமா, சூசை? காலையில போய்ப் பார்ப்போம்."

மறுநாள் பால் கறக்கும் வேளைக்கே இருவரும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்கள். கழியும் மாடுகள் இரண்டும் கொட்டகையின் ஓரத்தில் வாலெல்லாம் நனைந்து நின்றன. சேவுகனின் மனைவி பிச்சையம்மாள் கறவையை முடித்துவிட்டு, நான்கு மாடுகளைத் தாண்டிக் கடைசிக்குப் போனாள். அங்கே நின்ற கிழட்டுக் கறுப்புப் பசுவின் பின்னாலிருந்து ஒரு கை சாணி அள்ளிவந்து, கன்றுள்ள பசுக்களின் காம்பிலெல்லாம் பூசினாள். மேய்ச்சலில் கன்று பால் குடித்துவிடாமல் இருக்க எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"பக்கத்துலயே சாணி கெடக்கே?" என்றார் டாக்டர்.

"அதுவும் இதுவும் ஒண்ணாங்க? காரி எங்கப்பன் வீட்டுச் சீரு. அது கால் வச்ச பெறகுதான் இந்த வீட்டுல பால்பானை நெறைஞ்சுச்சு. நல்லது எதுன்னாலும் அது சாணியிலதான்."

காரி சற்று மெலிந்திருந்தது. வயதுக்கு அது இயல்பு என்று யாருக்கும் தோன்றும்.

சூசைராஜ் கேள்விகளை அடுக்கினார். உழவு மாடுகள் இரண்டும் வளர்ந்தபின் வாங்கியவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை. செத்தவையும் கழிபவையும் இந்தக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவை. இங்கே பிறந்த பெரிய மாடுகளில் நோயில்லாமல் நின்றது நிறைசினையாக இருந்த செவலைப் பசு மட்டும்.

"அதோட தாய் அதை ஈனுன அன்னைக்கே செத்துப்போச்சு," என்றார் சேவுகன். "இருளாயிதான் தூக்கிட்டுப் போயி, அவ குடிசையில ஆட்டுப்பால் குடுத்து வளர்த்தா. பெரிய கிடாரியா ஆனப்பறந்தான் இங்கிட்டு வந்துச்சு."

"பாத்தீங்களா?" என்றாள் பிச்சையம்மாள். "தான் வளத்ததை மட்டும் விட்டுப்புட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தன் கேள்வி இருளாயிக்கே எதிராகத் திரும்பியதில் சூசைராஜின் முகம் வாடிவிட்டது. "நல்ல சாட்சிதான்," என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

மாடுகளை ஓட்டிப்போக வந்த இருளாயி படலுக்கு வெளியே நின்றிருந்தாள். டாக்டர் அவளிடம் போனார். "இந்த வீட்டு மாட்டைத் தனியா எங்கிட்டும் ஓட்டுவீங்களா?"

"எல்லா வீட்டு மாடும் ஒண்ணாத்தாங்க போகும். ஒரே பொட்டல், ஒரே கண்மாய்த் தண்ணி. அத்தனை மாட்டுக்கு நடுவுல இவுக மாட்டை மட்டும் தேடிப் புடிச்சு வெஷம் வைக்க எனக்கு நாலு கையா இருக்கு?"

டாக்டர் கழியும் மாடுகளின் ஆசனவாய்க்குள் கைவிட்டு, குடல் சவ்வை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவினார். பிறகு காரியிடம் போய் அங்கும் சுரண்டினார்.

"சார், அது நோயில்லாத மாடு."

"அதையுந்தான் பார்க்கணும், சூசை."

சாயங்காலம் கூட்டம் சேவுகனின் கொட்டகை வாசலிலேயே கூடியது. டாக்டர் சொன்னபடி இருளாயியும் வந்திருந்தாள். டாக்டர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"இது வெஷம் இல்லை. ஜோன்ஸ் நோய்னு பேரு. குடல்ல குடியிருக்கிற ஒரு கிருமி. தகட்டுக்குச் சிவப்புச் சாயம் ஏத்தி அமிலத்துல கழுவினா மத்த கிருமியெல்லாம் வெளுத்துப்போகும், இது மட்டும் வெளுக்காது. மைக்ராஸ்கோப்புல பார்த்தோம், கொத்துக் கொத்தாச் சிவப்பா நிக்குது."

அவரே தொடர்ந்தார். "இன்னைக்குக் கிருமி உள்ள போனா நாளைக்குக் கழியுற நோயில்ல இது. கன்னா இருக்கையில வயித்துக்குள்ள போகும், வருஷக்கணக்காச் சத்தமில்லாம இருக்கும், ஈத்துக்கு அப்பறந்தான் பெரும்பாலும் வெளிய தெரியும். அதனால இப்ப யாரு எதைப் போட்டான்னு தேடிப் பிரயோசனமில்லை. கன்னு வயசுல இந்த வீட்டுக் கன்னுங்க வாயில மட்டும் என்ன போச்சுன்னு தேடணும். உழவு மாடுங்க கன்னு வயசுல இங்க இல்லை. செவலையும் இல்லை. இருளாயி தனக்கே தெரியாம அதைக் காப்பாத்தியிருக்காங்க."

"என்னங்க போச்சு?" என்றார் சேவுகன்.

"சாணி. காம்புல பூசினதைக் கன்னு நக்காம விடுமா? மத்த வீட்டுக்காரங்களும் பூசுறாங்க. அவங்க மாட்டுல கிருமி இல்லை. காரியோட தகட்டுலயும் அதே சிவப்பு இருந்துச்சு. வெளிய நோய் தெரியாமலே அது சாணியில கிருமியைக் கொட்டிக்கிட்டு இருக்கு."

பிச்சையம்மாள் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாந்தான் எல்லாத்தையும் கொன்னேனா?"

"உங்களுக்கு யாரும் சொன்னதில்லைம்மா. எனக்கே இன்னைக்குத்தான் விளங்குச்சு."

சூசைராஜ் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் அதே கொட்டகையில், அதே சாணியைப் பார்த்தும் பிடிபடவில்லையே என்ற நினைப்பு அவருக்கு வெட்கத்தைவிட மகிழ்ச்சியையே தந்தது.

"மருந்து?" என்றார் சேவுகன்.

"கெடையாது. கழியுற ரெண்டையும் காரியையும் தனியாக் கட்டுங்க, சந்தையில தள்ளிவிடாதீங்க, போற எடத்திலயும் பரவும். தீனியைத் தரையில போடாதீங்க. இனி பொறக்குற கன்னைப் பெரிய மாட்டுச் சாணி படாத எடத்துல வளர்க்கணும். காம்பைக் கழுவிக் கறந்த பாலைக் குடுக்கணும். அப்படிச் செஞ்சா வருஷம் போகப்போக இந்தக் கொட்டகை சுத்தமாயிரும்."

செவலை அன்று மத்தியானந்தான் ஈன்றிருந்தது. சாக்கில் கிடந்த கன்றை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு இருளாயியைப் பார்த்தார்கள்.

"நீதான் வளக்கணும், இருளாயி," என்றார் சேவுகன்.

"ஊரு கேக்கத்தானே என்னை வெஷக்காரின்னு சொன்னீக," என்றாள் இருளாயி. "ஊரு கேக்க அதைத் திரும்ப எடுத்துக்கிருங்க. பெறகு கன்னைப் பத்திப் பேசலாம்."

சேவுகன் வாயெடுத்தார். பிச்சையம்மாள் அவரைக் கையமர்த்திவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் சொன்னது தப்பு," என்றாள், கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி. "இருளாயி வெஷம் வைக்கல. மாடு மேய்க்க அவளை விட்டா இந்த ஊருல ஆளில்லை. கேட்ட கூலியும் ஞாயந்தான்."

இருளாயி தலையசைத்தாள். "பாலை ரெண்டு வேளையும் நீங்களே கொண்டாரணும், ஆத்தா. கைகாலைக் கழுவிட்டு."

"வாரேன்."

கன்றைத் தூக்கச் சேவுகன் குனிந்தார். பிச்சையம்மாள் அவரை விலக்கிவிட்டு, ஈரம் காயாத கன்றைத் தானே மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, இருளாயியின் பின்னால் தெருவில் நடந்தாள்.