நாற்பது லிட்டரைக் காணோம்

பதினெட்டு மணி நேரம்.

அதற்குள் இரண்டு கேன் தண்ணீர், முழுதாக நாற்பது லிட்டர், மாயமாகியிருந்தது!

ஜீப்பின் பின்னால் கேன்கள் பிணம் போலக் கிடந்தன. காயம் இல்லை. ஓட்டை இல்லை. மூடி இறுக்கமாக...

1976 அக்டோபர். மெல்பர்னை விட்டு மூன்றாம் நாள். நாலு பக்கமும் சிவப்பு மணல். அடுத்த மாட்டுப் பண்ணை நூறு கிலோமீட்டர். நம்பி வந்த கிணறும் வற்றிக் கிடந்தது. ரேடியேட்டர் வறண்டு ஜீப் நின்றுவிட்டது. குடிக்க அரை பிளாஸ்க் காப்பி!

மணலில் இவர்கள் மூவரின் காலடி மட்டும்.

ஆக, மூவரில் ஒருவர்...

விசாரணையைத் தொடங்கியவர் சடகோபன். மெல்பர்னில் பௌதிகம் போதிப்பவர்.

"கடைசியா கேனைத் தொட்டது யாரு, யோகேஸ்வரன்?"

ஜீப்பின் சொந்தக்காரன், யாழ்ப்பாணத்து எஞ்சினியர், சிரித்தான்.

"நாப்பது லிட்டர் குடிக்க நான் என்ன ஒட்டகமே? நேற்றுக் கிரகணம் பாக்கேக்க ரெண்டும் நிரம்பித்தான் இருந்தது. பிறகு நான் டயர் மாத்திக்கொண்டு இருந்தனான்."

சடகோபனின் மனைவி பத்மா, அந்த நேரத்தில் தான் கூடாரம் அடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கணவர் அப்போது எங்கே இருந்தார் என்றும் மெல்லக் கேட்டாள்.

சடகோபன் இருமினார். அடுத்த நிமிடமே தீர்ப்பும் சொன்னார். மூடியைத் திறந்து போட்டது யோகேஸ்வரன்தான். விஷயம் தெரிந்ததும் இறுக்கி மூடிவிட்டான்!

அப்போது தூரத்தில் புழுதி...

லாரி!

மாடு ஏற்றிப் போகும் வெள்ளைக்காரர் முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு கதையைக் கேட்டார். முகம் மாறியது. பாலைவனத்தில் தண்ணீரைக் கொட்டுவதும் துப்பாக்கியால் சுடுவதும் ஒன்றுதான் என்றார். ரேடியோவில் போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொல்லி மைக்கை எடுத்தார்.

செய்தது யார்?

சடகோபனின் விரல் யோகேஸ்வரன் பக்கம் பாதி உயர்ந்தது.

"பொலிஸ் வந்தா என்ர விசா போச்சு, சடகோபன்." யோகேஸ்வரன் இப்போது சிரிக்கவில்லை.

விரல் திரும்பியது. தன் மார்பிலேயே வந்து நின்றது!

"நான்தான் கொட்டினேன்... கிரகணம் பிடிச்ச தண்ணி. உள்ள தர்ப்பை போட மறந்துட்டேன். காலம்பற கிணத்துல ரொப்பிக்கலாம்னு இருந்தேன். கிணறு வத்திக் கிடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

மைக் அந்தரத்தில் நின்றது.

பத்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்னா, இங்க பாதிக் கிரகணம்தானே தெரிஞ்சது? பாதித் தண்ணியையாவது விட்டு வெச்சிருக்கப்படாதோ?"