பெயரில்லாத தலைக்கு ஒரு பிடி சோறு

காந்தளாற்றின் மேல்கரையில் கதிரவன் மறைந்து, கீழ்க்கரை மூங்கில் காட்டுக்கு மேலே முழுமதி எழுந்த அந்த அந்தி வேளையில், முகில்மலைக் கோட்டை முழுவதும் திருமணக் களிப்பில் திளைத்துக்கொண்டிருந்தது. வாயில்தோறும் வாழையும் கமுகும் நின்றன. முரசங்கள் ஓயாமல் முழங்கின. மறுநாள் மணவறையில் அமரவேண்டிய படைத்தலைவன் அதிரன் மட்டும், ஆற்றங்கரையிலிருந்த தலைமனையின் படியில் அமர்ந்து, உறக்கம் காணாத கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குரிய முகமா அது என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பதும் நியாயந்தான்.

அந்நாட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் அவன் சோர்வு விளங்கும். முகில்மலையார் போரில் பகைவரின் தலையைக் கொய்து வருவார்கள். ஆனால் கொய்ததோடு காரியம் முடிந்துவிடாது. வாளை ஓங்குமுன் பகைவனின் பெயரைக் கேட்டறிய வேண்டும். புகையிட்டுப் பதப்படுத்திய தலையைத் தலைமனையில் வைத்து, அந்திதோறும் பெயர் சொல்லி அழைத்து, வெட்டிய கையாலேயே ஒரு பிடி சோறு ஊட்ட வேண்டும். அன்றுமுதல் இறந்தவன் இவனுக்கு உடன்பிறந்தான். அவன் தாய் இவனுக்கும் தாய், அவன் தங்கை இவனுக்கும் தங்கை. பெயர் தெரியாத தலைக்கோ எத்தனை ஊட்டினாலும் சோறு சேராது, அந்த உயிர் வாசலிலேயே பசித்து நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. சென்ற பனிக்காலத்தில் கழிநாட்டாரோடு நடந்த போரில், மூடுபனிக்குள் திடீரென எதிரே வந்த ஒருவனை, அச்சத்தில் பெயர் கேளாமலே வெட்டிவிட்டான் அதிரன். அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

சிலம்பொலி கேட்டு நிமிர்ந்தான். மணமகள் அல்லியங்கோதை சோற்றுத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். மணநாளுக்கு முந்தைய அந்தியில் மணமகன் கொய்த தலைகளுக்கு மணமகள் சோறு எடுத்துவர வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். இளவேனிலில் கூத்தர் குழுவோடு கோட்டைக்குள் வந்த பாடினி அவள். சொந்த ஊர் எது என்றால் சிரித்து மழுப்புவாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தாம் நம் படைத்தலைவர்.

உள்ளே விளக்கொளியில் வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்து அவள் சற்றுத் தயங்கினாள்.

"வெட்டியதும் தாங்கள், ஊட்டுவதும் தாங்கள். இது என்ன அறம், தலைவரே?"

"அறமென்று நான் சொன்னேனா, கோதை? வெட்டிவிட்டு மறந்தால் அது வெறும் வேட்டை. நாள்தோறும் இந்த முகங்களைப் பார்த்தால் அலுத்துப்போய் வாளைக் கீழே வைத்துவிடுவோம் என்று முன்னோர் நினைத்தார்கள் போலும். எனக்கு அலுப்பு வந்துவிட்டது. வாளை வைக்கத்தான் துணிவு வரவில்லை."

அவள் சோற்றை உருட்டிக் கொடுக்க, அவன் பெயர் சொல்லி ஒவ்வொருவருக்காக ஊட்டிக்கொண்டே வந்தான். கடைசித் தலையின் முன்னே அவள் கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கை எடுத்து அருகே பிடித்தாள்.

"இவர் பெயர்?"

"தெரியாது. பெயர் கேளாமல் வெட்டிய பாவி நான். இவருடைய பசிதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது."

அல்லியங்கோதை கொண்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கத்தியை உருவித் தரையில் வைத்தாள்.

"நான் கழிநாட்டவள். என் அண்ணனைக் கொன்றவரைத் தேடித்தான் பாடினி வேடத்தில் வந்தேன். பனியில் வெட்டியது யாரென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த முன்பல் முறிந்திருக்கிறதே, அது சிறுவயதில் நான் கல்லெறிந்து முறித்த பல்."

அதிரன் மண்டியிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினான். "கத்தியை எடு. தடுக்கமாட்டேன்."

அவள் எடுக்கவில்லை. அவனைக் கொன்றால் அண்ணனுக்குச் சோறூட்டும் கையும் போய்விடும். வாய் திறவாதிருந்தாலோ நாளை அவனுக்கு மாலையிடலாம். அண்ணன் மட்டும் என்றென்றும் வாசலில் பசித்து நிற்பான். பெயரைச் சொன்னால் அண்ணன் பசியாறுவான். அதிரன் அவளுக்கு யாராகிவிடுவான் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். சொல்லாதே, சொல்லாதே என்று அவன் நெஞ்சு கதறியது. வாய் திறந்தால் அதுதான் வரும் என்று அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவள் கடைசிப் பிடியை உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஊட்டுங்கள். ஆழிவேள் என்பது அவர் பெயர்."

அதிரன் அந்தப் பிடியைத் தலையின் வாயருகே கொண்டுபோனான். "ஆழிவேளே, உண்பாயாக! இனி இந்தக் கை எந்தத் தலையையும் கொய்யாது. இது உன்மேல் ஆணை!"

இடுப்பிலிருந்த வாளை அவிழ்த்து அவன் ஆற்றில் எறிந்தபோது, கோட்டைக்குள் மணமுரசு இன்னும் முழங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு துறையில் கட்டியிருந்த படகைக் காட்டினாள்.

"அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. மகன் வருவான் என்று இன்னும் வாசலில் விளக்கு வைக்கிறாள். வாருங்கள், வீட்டுக்குப் போகலாம், அண்ணா."